கன்சோல் கவரைக் கழற்றுவதற்கு முன்

பின் சக்கரத்துக்குப் புது பிரேக் ஷூ (டிரம்மின் உள்சுவரில் அழுந்தி வண்டியை நிறுத்தும் பிறை வடிவத் துண்டு) போட்டு வந்த கார்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்தான். பெடல் முன்பைவிடக் கீழே இறங்குகிறது. ஐந்தாறு கிளிக்கில் நின்ற ஹேண்ட் பிரேக் இப்போது பத்து, பன்னிரண்டு என்று ஏறுகிறது. அப்படியும் சரிவில் வண்டி மெதுவாக நகர்கிறது. புகாரைக் கேட்டதும் பல பட்டறைகளில் நடப்பதும் ஒன்றுதான். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் கன்சோல் கவரைக் கழற்றி, ஹேண்ட் பிரேக்குக்குக் கீழே, கேபிளை இழுத்துக் கட்டும் நட்டை நாலு சுற்று இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். கைப்பிடி ஐந்தாவது கிளிக்கில் கல்லு மாதிரி நிற்கும். வண்டிக்காரரும் நிம்மதியாகக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த நாலு சுற்றை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யோசித்துப் பாருங்கள்: வேலை நடந்தது டிரம்முக்குள்ளே, அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணத்துக்குள்ளே. கேபிளை யாரும் தொடவில்லை. நேற்று வரை சரியாக இருந்த கேபிள், ஷூ மாற்றிய ஒரே மணி நேரத்தில் எப்படி நீளும்? கைப்பிடி மேலே ஏறுகிறது என்றால் டிரம்முக்குள் ஷூ தூரமாக நிற்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கேபிளை இழுத்துக் கட்டினால் குறை உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். பெடல் கொஞ்சம் மேலே வந்தது போலக்கூடத் தோன்றும். ஆனால் பிரேக்கில் இருக்கிற ஒரு முக்கியமான வேலைக்காரனை அந்த நாலு சுற்று முடக்கிவிடுகிறது. அது எப்படி என்று விளங்கிவிட்டால் யாரும் கேபிளில் முதலில் கை வைக்க மாட்டார்கள்.

ஆல்டோ, வேகன் ஆர், டியாகோ மாதிரியான சின்னக் கார்களைத்தான் மனதில் வைத்து எழுதுகிறேன். டிரம்முக்குள் முன்னால் ஒரு ஷூ, பின்னால் ஒரு ஷூ, மேலே, மிதிக்கும்போது ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டர். இரண்டு ஷூவுக்கும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை இருக்கும், அதுதான் ஸ்ட்ரட். அதன் ஒரு முனை முன் ஷூவில் செருகியிருக்கும். மறு முனை, பின் ஷூவோடு சேர்ந்திருக்கும் ஹேண்ட் பிரேக் லீவரில். ஷூ தேயத் தேய ஸ்ட்ரட்டைத் தானாக நீட்டும் ஆட்டோ அட்ஜஸ்டர் இருப்பதும் இதில்தான். காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு ஷூவையும் உள்ளே இழுக்கிறது. எதுவரை இழுக்கும்? ஸ்ட்ரட் முட்டுகிற வரை. ஷூ எங்கே ஓய்ந்து நிற்க வேண்டும் என்பதை ஸ்ட்ரட்டின் நீளமும் லீவர் நிற்கும் நிலையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

இப்போது கேபிளை இறுக்குங்கள். லீவர் தன் இடத்தைவிட்டு எழும்பி, ஸ்ட்ரட்டை முன்னால் தள்ளியபடியே நிற்கும். ஷூ இரண்டும் எந்நேரமும் கொஞ்சம் விரிந்தே இருக்கும். காலால் மிதிக்கும்போது ஷூ நகர்கிற தூரம் குறைந்துவிடுவதால், அட்ஜஸ்டரின் நாக்கு அடுத்த பல்லை எட்டிப் பிடிக்க வேண்டிய அசைவு கிடைக்காது. அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் நின்றுவிடும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயும், இடைவெளியை ஈடுகட்ட ஆளிருக்காது, சில மாதத்தில் மறுபடி பெடல் இறங்கும், மறுபடி கேபிளை இறுக்குவார்கள். இதற்கிடையில் ஏதாவது ஒரு பக்கம் ஷூ உரசிக்கொண்டே ஓடி, லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிமானத்தை இழந்திருக்கும்.

"ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பைத் தாண்டி டிரம்மை மாட்ட வேண்டும் என்பதற்காக, புது ஷூ போடும்போது அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே சுருட்டிவிடுகிறார்கள். அட்ஜஸ்டரில் நட்சத்திர வீல் (திருப்பினால் ஸ்ட்ரட்டை நீட்டும் பல் சக்கரம்) உள்ள வகையில் ஒரு மிதிக்கு ஒரு பல் நகர்ந்தாலே பெரிது. சில வண்டிகளில் கால் பிரேக்குக்கு நகரும். சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடும்போதுதான் நகரும். தேய்மானத்தை அவ்வப்போது துளித்துளியாக ஈடுகட்டத்தான் ஆட்டோ அட்ஜஸ்டர். முழுக்கச் சுருட்டிய இடத்திலிருந்து முதல் செட்டிங்கைக் கையால்தான் செய்ய வேண்டும்.

டிரம்மைக் கழற்றுமுன் ஒரு சோதனை செய்துவிடலாம், ஒரு நிமிடம் போதும். வண்டி நின்ற நிலையில் பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். இப்போது பெடல் மேலேயே கெட்டியாக நின்றால், பின் சக்கர ஷூக்களின் இடைவெளிதான் கோளாறு. ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம்மோடு ஒட்ட வைத்துவிட்டதால் பெடலுக்கு வேலை குறைந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் இழுத்தும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். காலை அப்படியே அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், கசிவோ, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறோ இருக்கிறது. அந்த வண்டியை எடுத்து ஓட்டாதீர்கள்.

லீவர் உட்கார்ந்திருக்கிறதா?

இந்த வேலை முழுவதுமே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, முதல் கியரில் போடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கையை விடக் கூடாது. ஹேண்ட் பிரேக்கைக் கீழே விட்டு, கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்துங்கள். இறுக்கப் போவது கடைசியில்தான். பிறகு டிரம். பல டிரம்களில் 8 மி.மீ. போல்ட் மாட்டுகிற இரண்டு துளைகள் இருக்கும். அதில் போல்ட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடைந்துவிடும். நடுவில் நட் போட்டு, பேரிங்கோடு சேர்ந்து வரும் டிரம் என்றால், அந்த நட்டின் உதட்டைத் தட்டி மடித்திருப்பார்கள். மாட்டும்போது புது நட் போட வேண்டும்.

டிரம் வந்ததும் டார்ச் அடித்துப் பின் ஷூவைப் பாருங்கள். அதன் தகட்டோடு ஒட்டியபடி, மேலே ஒரு பின்னில் தொங்கிக்கொண்டு, கீழ்முனையில் கேபிளைக் கவ்விக்கொண்டிருப்பதுதான் லீவர். அதன் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்போ குமிழோ இருக்கும். ஹேண்ட் பிரேக் கீழே இருக்கும்போது அந்த மடிப்பு ஷூவின் தகட்டு ஓரத்தில் முட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டுக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். கார்டு நுழைந்தால் லீவர் உட்காரவில்லை. அந்த ஒரு கார்டு தடிமனே போதும், அட்ஜஸ்டரை எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும். ஏனென்றால் நீங்கள் ஷூவை அளந்து செட் பண்ணுவது லீவர் எழும்பிய நிலையில். பிறகு என்றைக்காவது லீவர் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் இடைவெளி திடீரென்று கூடிவிடும்.

கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்தியும் லீவர் உட்காரவில்லையா? கேபிள் முனையை லீவரிலிருந்து கழற்றுங்கள். இப்போது லீவர் உட்கார்ந்தால் குற்றம் கேபிளில்: உறைக்குள் துரு பிடித்துத் திரும்ப வரமாட்டேன் என்கிறது. கடலோர ஊர் வண்டிகளிலும், மழையில் தண்ணீர் தேங்கும் தெருவில் நிற்கும் வண்டிகளிலும் இது சகஜம். உறைக்குள் எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும். அதற்குமேல் நம்ப முடியாது, மாற்றிவிடுங்கள். கேபிளைக் கழற்றியும் லீவர் அசையவில்லை என்றால் மேலே உள்ள பின் இறுகிவிட்டது. பழைய ஷூவிலிருந்து லீவரைப் புது ஷூவுக்கு மாற்றும்போது அந்தக் கிளிப்பை நோஸ் பிளையரால் அளவுக்கு மீறி நசுக்கிவிடுவது உண்டு. விரலால் ஆட்டினால் லீவர் தடையில்லாமல் ஆட வேண்டும்.

0.6 மி.மீ.

லீவர் உட்கார்ந்தபின் அட்ஜஸ்டர். வெர்னியர் காலிபர் இருந்தால் வேலை எளிது. டிரம்மின் உள்விட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். மாட்டியிருக்கும் ஷூக்களின் வெளிவிட்டம் அதைவிட 0.6 மி.மீ. குறைவாக வரும்வரை நட்சத்திர வீலைத் திருப்புங்கள். டொயோட்டா மேனுவல்களில் வரும் அளவு இது, பக்கத்துக்கு 0.3 மி.மீ. என்று ஆகிறது. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

வெர்னியர் இல்லாதவர்கள் டிரம்மை மாட்டி மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். நாலைந்து பல் திருப்புங்கள், டிரம்மை ஏற்றுங்கள். லொடலொடவென்று போனால் இன்னும் நாலு பல். டிரம் ஏறும்போது லைனிங்கில் லேசாக உரசி, சுற்றினால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்து, கை விட்டதும் இன்னும் அரைச் சுற்றாவது ஓடினால் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பிறகு ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டின் ரப்பர் மூடியைத் திறந்து, தட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டு, டிரம் கையால் சுற்ற முடியாதபடி பிடிக்கும்வரை வீலைத் திருப்பி, அங்கிருந்து 8 பல் பின்னால் விடுவது இன்னொரு வழி. இதுவும் டொயோட்டா சொல்வதுதான். பின்னால் திருப்பும்போது அட்ஜஸ்டரின் நாக்கு விடாது. இன்னொரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். நாக்கைத் தள்ளாமல் பலவந்தமாகத் திருப்பினால் பல் மழுங்கிவிடும். மழுங்கிய பல்லில் ஆட்டோ அட்ஜஸ்டர் இனி ஏறாது.

இரண்டு டிரம்மையும் மாட்டியபின் பெடலை நாலைந்து முறை முழுக்க மிதித்து விடுங்கள். ஷூக்கள் பேக் பிளேட்டில் கொஞ்சம் மேலும் கீழும் நகர்ந்து நடுவில் வந்து உட்காரும். அதன்பின் மறுபடி சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பல் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். இந்த இரண்டாம் முறையை விட்டுவிடுவதால்தான் பல வண்டிகளில் ஒரு வாரத்தில் பெடல் மறுபடி இறங்குகிறது.

பெடல் உயரம் திருப்தியாக வந்தபிறகே கேபிள். ஹேண்ட் பிரேக்கை நாலைந்து முறை பலமாக இழுத்து விட்டுவிட்டு, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சுமார் 20 கிலோ விசையில் இழுத்தால் பல கார்களில் 5 முதல் 8 கிளிக்குக்குள் நிற்க வேண்டும். சரியான எண் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கைப்பிடி முழுக்கக் கீழே இருக்கும்போது இரண்டு சக்கரமும் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். மேலே ஏற ஏற இரண்டும் ஒரே கிளிக்கில் பிடிக்கத் தொடங்க வேண்டும். இரண்டு கேபிளும் சேரும் இடத்தில் உள்ள குறுக்குப் பட்டை நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது மாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே செட்டிங் சரியாக இருந்தால், கேபிளின் தொய்வு போனபின் நட்டை ஒன்றிரண்டு சுற்றுக்குமேல் இறுக்கவே தேவைப்படாது. மரை முழுக்கத் தீர்ந்தும் பிடிக்கவில்லை என்றால் அப்போது கேபிளைச் சந்தேகப்படலாம்.

இடது வலது, முன் பின்

எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்துகொண்டே போகிறதா? அட்ஜஸ்டர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். நட்சத்திர வீல் வகையில் இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிரெதிர் திசை. மாறி மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்ட்ரட் நீள்வதற்குப் பதில் சுருங்கும்! இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் பெட்ரோலில் ஊற வைப்பதால் வருகிற வினை இது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். மாட்டும்போது சந்தேகம் வந்தால் மறு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிரிக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

முன் ஷூவும் பின் ஷூவும் சில வண்டிகளில் ஒன்றே போலிருக்கும். சிலவற்றில் லைனிங்கின் நீளமோ அது ஒட்டியிருக்கும் இடமோ வேறுபடும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது முன் ஷூ டிரம்மின் சுழற்சியாலேயே உள்ளிழுக்கப்பட்டு அதிகமாகப் பிடிக்கும், அதற்கேற்பத்தான் லைனிங் அமைத்திருப்பார்கள். ஒரு பக்கம் சரியாகவும் மறு பக்கம் மாற்றியும் போட்டால் திடீர் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய ரிட்டர்ன் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து வளையங்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். ஷூவின் விலையோடு பார்த்தால் ஸ்பிரிங் கிட் பெரிய செலவில்லை.

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் தேய்ந்து நகரும் மேடுகள், ஷூவுக்கு மூன்று வீதம் ஆறு, இருக்கும். அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டி நின்று, பிறகு 'டக்' என்று விடுபடும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை நகக்கண் அளவு தடவினால் போதும். சாதாரண பேரிங் கிரீஸ் உருகி லைனிங்கில் வழியும். லைனிங்கில் கிரீஸோ பிரேக் ஆயிலோ ஊறிவிட்டால் தேய்த்துக் காப்பாற்ற முடியாது. அந்த ஜோடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியை ஏர் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள். சில லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. பிரேக் கிளீனரையோ சோப்புத் தண்ணீரையோ விட்டு நனைத்துத் துடையுங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் பையன்கள் இந்தத் தூசியைத் தினமும் சுவாசிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

டிரம்மும் சிலிண்டரும்

புது ஷூவைப் பழைய டிரம்மில் போட்டால் முதலில் நடுப்பகுதி மட்டுமே ஒட்டும். தேய்ந்த டிரம்மின் விட்டம் கூடியிருக்கும், புது ஷூவின் வளைவோ அசல் விட்டத்துக்கு வார்த்தது. அதனால் முதல் சில நாள் பிடிமானம் குறைவாகத் தெரிவது இயல்பு. காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து மெதுவாக 20, 30 முறை நிறுத்தி, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டினால் லைனிங் டிரம்மோடு பொருந்தும். ஆனால் டிரம்மின் மேல் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்க்காமல் இதையெல்லாம் செய்வதில் அர்த்தமில்லை. லேத்தில் கொடுத்துக் கடைந்தாலும் அந்த எண்ணுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். மிதிக்கும்போது பெடல் காலை உதைத்தால் டிரம் முட்டை வடிவமாகியிருக்கும்.

வீல் சிலிண்டரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய ஷூ தேயத் தேய பிஸ்டன் பல வருடமாக வெளிப்பக்கமே நின்றிருக்கும். புது ஷூ தடிமனானது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும். அது இதுவரை போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருந்தால் ரப்பர் கப் கிழிந்து, ஷூ மாற்றிய சில நாளில் கசியத் தொடங்கும். அதனால் தூசி ரப்பரை விரலால் லேசாகத் தூக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வேலை தொடங்கும்போதே பாருங்கள். ஈரம் இருந்தால் சிலிண்டரையும் மாற்றி ஏர் எடுத்துவிடுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரையும் பெடல் மிதிக்க விடாதீர்கள். பிஸ்டன் வெளியே துள்ளி ஆயில் புது லைனிங்கில் கொட்டிவிடும். பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் சுட்டால்

வேலை முடிந்து பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி, இரண்டு பின் சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். டிரம்மைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? முதலில் கேபிளைத் தளர்த்துங்கள். விடுபட்டால் கேபிளோ லீவரோ. விடுபடவில்லை என்றால் சிலிண்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திறந்து பாருங்கள். துளி ஆயில் பீறி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. உள்ளே ஊதிப்போன ஹோஸ் பைப்தான் அநேகமாகக் காரணம். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் அட்ஜஸ்டரை அதிகம் விரித்துவிட்டீர்கள், அல்லது ஷூ ஏதோ மேட்டில் மாட்டி நிற்கிறது. மழையில் நனைந்து இரவெல்லாம் ஹேண்ட் பிரேக்கில் நின்ற வண்டி காலையில் 'டொக்' என்று விடுபடுவது மெல்லிய துருவால் வருவது. அதற்கு எதையும் பிரிக்க வேண்டாம். மழைக்காலத்தில் சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினால் போதும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு காரியம் பாக்கி. பேக் பிளேட்டின் கீழ் விளிம்பில் ஈரம் கசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் கிளிக்கை எண்ணுங்கள். லைனிங் படிந்ததில் ஒன்றிரண்டு கூடியிருந்தால் ஜாக்கி போட்டு, ரப்பர் மூடியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் நட்சத்திர வீலில் இரண்டு பல், அந்தப் பக்கமும் இரண்டு பல். கன்சோல் கவர் மூடியபடியே இருக்கட்டும்.